மாஸ்டரை யார் மாற்றுவது?

1

"கோச்சை மாத்துங்கப்பா." தோற்றுப்போன அணியின் ரசிகர் ஒருவர் கேலரியிலிருந்து இறங்கும்போது அலுப்போடு சொல்கிற வாக்கியம் இது. மிகச் சாதாரணமாகத் தெரிகிறது. ஆனால் இந்த வாக்கியம் ஒருவர் வாயில் வருவதற்கு முன்பே சில விஷயங்கள் நடந்து முடிந்திருக்க வேண்டும். அந்த அணியை அவர் 'நம்ம டீம்' என்று உணர்ந்திருக்க வேண்டும். பயிற்சியாளர் நியமிக்கப்பட்டவர், ஆகவே நீக்கப்படக் கூடியவர் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தான் சொல்வது எங்கேயாவது, யார் காதிலாவது போய் விழும் என்ற நம்பிக்கையும் கொஞ்சம் வேண்டும்.

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் இந்த மூன்றும் உண்டு. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் அரசு ஊழியர்களிலேயே அதிகச் சம்பளம் வாங்குபவர் மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் கால்பந்து அல்லது கூடைப்பந்துப் பயிற்சியாளர்தான். (அவர்கள் கால்பந்து வேறு, நம்முடையது வேறு.) துணைவேந்தர் பெயர் தெரியாத ஊர்க்காரருக்கும் கோச்சின் பெயர் தெரியும். அவர் இருக்கலாமா போகலாமா என்பது முடிதிருத்தும் கடையிலிருந்து சர்ச் வாசல் வரை பேசப்படும் பொதுப் பிரச்சினை.

நமது சூழலில் ஒரு கல்லூரி அணியின் பயிற்சியாளர் மாற்றம் குறித்து ஊர் கூடி விவாதித்ததாக யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். அமெரிக்காவில் இருக்கிறது, நம்மிடம் இல்லையே என்று ஏங்குவது இக்கட்டுரையின் நோக்கமல்ல. இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நம் மைதானங்களில் இந்த வாக்கியம் ஏன் எழுவதில்லை? எழுகிற இடங்களில் அது எதைப் பேசுகிறது, எதைப் பேசாமல் விடுகிறது? இரண்டாவது கேள்வியில்தான் நமக்கு உண்மையான பணயம் இருக்கிறது.

2

முதலில் பயிற்சியாளர் என்ற உருவத்தையே கொஞ்சம் கலைத்துப் பார்க்க வேண்டும். கோட்டுக்கு வெளியே நின்று கத்துகிற, கையசைக்கிற, டைம்-அவுட் கேட்கிற அந்த மனிதர் இல்லாத கூடைப்பந்தை இன்று நம்மால் கற்பனை செய்ய முடியவில்லை. ஆனால் ஆட்டம் அப்படிப் பிறக்கவில்லை.

ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் இந்த ஆட்டத்தை உருவாக்கினார். அவர் எழுதிய 13 விதிகளில் நடுவருக்கு இடம் உண்டு, பயிற்சியாளருக்கு இல்லை. பின்னாளில் கன்சாஸ் பல்கலைக்கழக அணியை அவரே கவனித்துக்கொண்டார். 55 வெற்றி, 60 தோல்வி. அந்தப் பல்கலைக்கழக அணியின் வரலாற்றில் வெற்றியைவிடத் தோல்வி அதிகமாக வைத்திருக்கும் ஒரே பயிற்சியாளர் ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர்தான். அவரது மாணவர் ஃபாக் ஆலன் பயிற்சியாளர் வேலைக்குக் கிளம்பியபோது, இதை யாரும் பயிற்றுவிக்க வேண்டியதில்லை, விளையாடினால் போதும் என்ற பொருளில் நெய்ஸ்மித் சொன்னதாக ஒரு கதை அங்கே வழங்குகிறது.

இதைவிட முக்கியமானது விதிப்புத்தகம். 1910-11 பருவத்தில் அமெரிக்க விதிகள் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது பயிற்றுவிப்பதைத் தடை செய்தன. முதல் தடவை எச்சரிக்கை; மீறினால் எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ. டைம்-அவுட்டின்போது பயிற்சியாளர் தன் ஆட்டக்காரர்களிடம் பேசலாம் என்ற அனுமதி 1948-49இல்தான் அங்கே வந்தது. அதாவது, சுமார் நாற்பது ஆண்டுகள் பயிற்சியாளரின் பேச்சு ஆட்டத்துக்குள் ஒரு குற்றம். ஆட ஆரம்பித்த பிறகு முடிவு எடுப்பது ஐந்து பேரின் வேலை என்பதே அதற்குப் பின்னாலிருந்த எண்ணம்.

இந்த விவரங்களைப் பழம்பெருமைக்காகச் சொல்லவில்லை. பயிற்சியாளரின் குரல் இயற்கையானது அல்ல, அது ஒரு காலத்தில் அனுமதிக்கப்பட்டது; அது அனுமதிக்கப்பட்டபோது வேறொரு குரல், அதாவது களத்தில் நிற்பவரின் குரல், கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கியது. ஒரு குரல் மையத்துக்கு வரும்போது இன்னொன்று விளிம்புக்குத் தள்ளப்படுவதை நாம் இலக்கியத்திலும் அரசியலிலும் பார்த்துப் பழகியிருக்கிறோம். 94 அடி நீளமுள்ள ஒரு ஆடுகளத்தில் அது விதி எண்ணோடும் ஆண்டோடும் பதிவாகியிருக்கிறது.

3

நம்மிடம் இந்த ஆட்டம் வந்ததும் அதே ஒய்.எம்.சி.ஏ. வழியாகத்தான். ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். பின்பு கல்லூரியாக வளர்ந்து இன்று நந்தனத்தில் இருக்கிறது. தமிழகப் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் உடற்கல்வி ஆசிரியர்களைப் பல தலைமுறைகளாக அனுப்பிக்கொண்டிருக்கும் இடம் அது.

அங்கிருந்து புறப்பட்டுப் போன ஆளை நம் ஊர் என்ன பெயரிட்டு அழைத்தது என்று கவனிக்க வேண்டும். பள்ளியில் அவர் டிரில் மாஸ்டர், பிறகு பி.டி. மாஸ்டர். கல்லூரியில் பி.டி. சார். 'கோச்' என்ற சொல் வெகு தாமதமாகத்தான் வந்தது, அதுவும் தனியாக அணி வைத்திருக்கிற இடங்களில். டிரில் என்பது படையிலிருந்து பள்ளிக்கு வந்த சொல். வரிசையில் நில், கையைத் தூக்கு, கீழே விடு. மிஷெல் ஃபூக்கோ 1975இல் வெளியான தன் நூலில் படைமுகாம், பள்ளிக்கூடம், சிறை மூன்றிலும் உடல் எப்படிப் பணிவுள்ளதாக வார்க்கப்படுகிறது என்று எழுதியதை விளக்க நாம் பாரிசுக்குப் போக வேண்டியதில்லை. காலை பிரேயர் முடிந்த எந்தப் பள்ளி மைதானமும் போதும். பையனின் தலைமுடி நீளம், பெண்ணின் சடை, சட்டையை உள்ளே விட்டது விடாதது எல்லாமே டிரில் மாஸ்டரின் எல்லைக்குள் வந்தன. விளையாட்டு அவர் வேலையில் ஒரு பகுதி. ஒழுங்குதான் முழு வேலை.

இந்த மாஸ்டர்மேல் இன்னொரு படிமம் வந்து உட்கார்ந்துகொண்டது: குரு. சிலம்ப வாத்தியாரும் பாட்டு வாத்தியாரும் ஏற்கனவே நம்மிடம் இருந்தார்கள். அவர்களை யாரும் நியமிப்பதில்லை. சீடன்தான் தேடிப் போகிறான். ஆகவே நீக்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அரசாணையில் சம்பளம் வாங்கும் பி.டி. மாஸ்டருக்கும், தனியார் பல்கலைக்கழகம் ஒப்பந்தத்தில் வைத்திருக்கும் கோச்சுக்கும் இந்தக் குரு பிம்பம் இலவசமாகக் கிடைத்துவிட்டது. ஊழியருக்கான பொறுப்பு ஒரு பக்கம் கழன்றுகொள்ள, குருவுக்கான பக்தி மறுபக்கம் ஒட்டிக்கொண்டது.

அரசே இதற்கு முத்திரை குத்தியிருக்கிறது. சிறந்த பயிற்சியாளருக்கு மைய அரசு 1985 முதல் வழங்கும் விருதின் பெயர் துரோணாச்சாரியார் விருது. ஆட்டக்காரருக்கு 1961 முதல் அர்ஜுனா விருது. சேர்த்துக்கொள்ள மறுத்த மாணவனிடம் கட்டைவிரலைக் காணிக்கையாகக் கேட்டு வாங்கிய ஆசிரியரின் பெயரில்தான் இந்நாட்டில் பயிற்றுவித்தல் கௌரவிக்கப்படுகிறது. இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை என்பார்கள். இருக்கலாம். திட்டமிடாமல் வரும் பெயர்தான் ஒரு சமூகத்தின் மனத்தை அதிகம் காட்டிக்கொடுக்கிறது. ஏகலைவன் கதையில் துரோணரை மாற்றச் சொல்லி யாரும் பேசவில்லை. கட்டைவிரல் இல்லாதவன் என்ன ஆனான் என்ற கேள்வியும் அஸ்தினாபுரத்தில் எழவில்லை.

'மாஸ்டர் சொன்னா சொன்னதுதான்.' இந்த வாக்கியம் இருக்கும் இடத்தில் 'கோச்சை மாத்துங்கப்பா' என்பது நாக்கில் வராது.

4

பழனி மலையும் அதன் அடிவாரமும் இந்தப் பிரச்சினைக்கு ஒரு நல்ல வரைபடத்தைத் தருகின்றன.

கொடைக்கானல் 1845 அளவில் அமெரிக்க மதுரை மிஷன் பாதிரிமார் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பிக்க ஏறிப் போய்க் குடியேறிய ஊர். மோட்டார் ரோடு வருவதற்கு முன்னால் பெரியகுளம் பக்கமிருந்துதான் ஏறினார்கள். சிலர் நடந்து, சிலர் குதிரையில், சிலர் டோலியில் நம் ஆட்களின் தோள்மேல். 1901இல் மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக மேலே ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. ஹைகிளர்க் என்று பெயர் பெற்று, 1970களில் கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி ஆயிற்று. அதன் முதல் தலைமை ஆசிரியை மார்கரெட் எடி, இந்திய ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தில் பெயர் பெற்ற ஷெர்வுட் எடியின் தாயார். ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து உலகெங்கும் ஆட்டத்தைக் கொண்டுபோன அதே வலைப்பின்னல்தான் இங்கும் நெருங்கி வருகிறது. அமெரிக்கப் பள்ளி வாழ்க்கையின் ஓர் அம்சமாகக் கூடைப்பந்தும் அம்மலையில் இருந்துவந்திருக்கிறது. அப்படிப்பட்ட உறைவிடப் பள்ளிகளுக்கு 'நம்ம ஸ்கூல்' என்ற உணர்வு பலமாக உண்டு. பழைய மாணவர் சங்கம் உண்டு, பள்ளி நிறம் உண்டு, பெற்றோர் கூட்டம் உண்டு. ஆனால் கேட் சாத்தியிருக்கிறது. ஊருக்கு அந்த ஆட்டத்தில் உட்கார இடமில்லை.

இப்போது கீழே இறங்குவோம். பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் பி.டி. சிதம்பர சூரியநாராயணன் நினைவுச் சுழற்கோப்பைக்கான அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி அறுபது பதிப்புகளைத் தாண்டிவிட்டது. மே மாதம், கோடை, மின்னொளி. இந்தியக் கடற்படை, ராணுவம், விமானப்படை, வங்கி அணிகள், கேரள மின்வாரிய அணி என்று இந்தியாவின் முன்னணி அணிகள் ஒரு சிற்றூருக்கு வந்து விளையாடிப் போகின்றன. கிரிக்கெட் எல்லாவற்றையும் தின்றுவிட்டதாகப் புலம்புகிறவர்கள் ஒருமுறை போய்ப் பார்க்கலாம். பிக் அண்ட் ரோலையும் ஜோன் டிஃபென்சையும் கணக்காகப் பிடிக்கிற கண்கள் அந்தக் கேலரியில் இருக்கின்றன. பாட்டனும் பேரனும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்து வளர்ந்த ரசனை அது. தவறான நேரத்தில் டைம்-அவுட் எடுத்தால் சத்தம் எழும்.

ஆனால் மறுநாள் காலை டீக்கடையில் "நேவி கோச்சை மாத்தணும்" என்று யாரும் சண்டை போடுவதில்லை. ஏனென்றால் நேவி பெரியகுளத்தின் அணி இல்லை. கடற்படையின் பயிற்சியாளர் மாறுவது ஒரு டிரான்ஸ்பர் ஆர்டர். வங்கி அணி என்பது அந்த வங்கியின் ஊழியர்கள். ஆட்டக்காரருக்கு அது வேலை, பயிற்சியாளருக்கு அது பதவி, ரசிகருக்கு அது காட்சி. ரசிகர் விமர்சகராக முழுமை பெற்றிருக்கிறார், உரிமையாளராக அல்ல. தன் ஊர் ஆட்டத்தைப் பார்க்கத் தெரிந்த ஊர், தன் ஊர்க் கல்லூரி அணி என்று ஒன்றைப் பார்த்துச் சண்டையிட வாய்ப்பே பெறவில்லை.

மேலே 'நாம்' இருக்கிறது, கேலரி இல்லை. கீழே கேலரி இருக்கிறது, 'நாம்' இல்லை. அமெரிக்கக் கல்லூரி இரண்டையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்தது. அதனால்தான் அங்கே பயிற்சியாளர் மாற்றம் ஒரு பொதுச் சொல்லாடலாக முடிகிறது. முதல் கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான். பண்பாட்டுக் குறைபாடு, விளையாட்டு உணர்வின்மை என்றெல்லாம் பேசுவது சோம்பேறித்தனம்.

5

இனி, அந்த இரண்டும் சேர்ந்த இடத்தில் என்ன பேசப்படுகிறது என்று பார்ப்போம்.

இந்தியானா பல்கலைக்கழகத்தில் பாப் நைட் 1971 முதல் 2000 வரை கூடைப்பந்துப் பயிற்சியாளர். 1976, 1981, 1987 என மூன்று தேசியப் பட்டங்கள். 1976 அணி 32 ஆட்டங்களில் ஒன்றுகூடத் தோற்கவில்லை. அதன்பின் இன்றுவரை எந்த ஆண்கள் அணியும் தோல்வியே இல்லாமல் அப்பட்டத்தை வென்றதில்லை. மனிதர் கோபக்காரர். 1985இல் ஆட்டத்தின் நடுவே நாற்காலியை எடுத்துக் களத்துக்குள் எறிந்தார். 2000ஆம் ஆண்டில் நீல் ரீட் என்ற முன்னாள் ஆட்டக்காரர், பயிற்சியின்போது அவர் தன் கழுத்தைப் பிடித்ததாகச் சொன்னார். சிலர் பொய் என்றார்கள். பின்னர் 1997ஆம் வருடப் பயிற்சியின் வீடியோ தொலைக்காட்சியில் வந்தது. பல்கலைக்கழகத் தலைவர் மைல்ஸ் பிராண்ட் இனி ஒரு சிறு தவறையும் பொறுப்பதில்லை என்று அறிவித்தார். செப்டம்பரில் ஒரு முதலாண்டு மாணவரின் கையைப் பிடித்துக் கடிந்துகொண்ட சம்பவத்தை அடுத்து, 2000 செப்டம்பர் 10 அன்று நைட் நீக்கப்பட்டார்.

அன்றிரவு மாணவர்கள் ஆயிரக்கணக்கில் தலைவரின் வீட்டை நோக்கி ஊர்வலம் போனார்கள். கொடும்பாவி எரித்தார்கள். அந்த முதலாண்டு மாணவருக்கு மிரட்டல்கள் வந்தன. நைட்டை விமர்சித்துவந்த ஆங்கிலப் பேராசிரியர் மர்ரே ஸ்பெர்பர் அதற்கு முன்பே மிரட்டல்களால் விடுப்பில் போக நேர்ந்திருந்தது. கழுத்து பிடிக்கப்பட்டவருக்காக ஓர் ஊர்வலம் போகவில்லை. அவர் எப்போதோ அந்தப் பல்கலைக்கழகத்தைவிட்டே போய்விட்டிருந்தார்.

இருபத்தைந்து ஆண்டு தள்ளி, அதே அரங்கம். பயிற்சியாளர் மைக் வுட்சன், நைட்டிடம் விளையாடி வளர்ந்தவர், அந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவர். 2025 ஜனவரியில் சொந்த அரங்கிலேயே படுதோல்வி. 'வுட்சனை நீக்கு' என்று கேலரி கோஷமிட்டது. பிப்ரவரியில் பருவ முடிவோடு விலகுவதாக அறிவிப்பு. மார்ச்சில் டேரியன் டெவ்ரீஸ் புதிய பயிற்சியாளர். கோஷத்தின் காரணம் தோல்வி மட்டுமே. இரண்டு சம்பவங்களையும் அருகருகே வைத்து வாசித்தால் ரசிகர் சொல்லாடலின் இலக்கணம் துலங்கிவிடும். வெல்கிறவர் கழுத்தைப் பிடித்தாலும் அவருக்காக ஊர்வலம். தோற்கிறவர் எப்படி நடந்துகொண்டார் என்பது அங்கே ஒரு வாதமே ஆகாது. 'நம்ம டீம்' என்கிற 'நாம்'க்குள் ஆட்டக்காரர் சேர்க்கப்படவில்லை.

சரி, அது அமெரிக்கா. நம்மிடம் இப்படி ஒரு விவாதம் எழுந்த மிக நெருங்கிய சந்தர்ப்பம், கூடைப்பந்தில் இல்லாவிட்டாலும், தமிழ்நாடு கிரிக்கெட் அணியைச் சுற்றி 2024இல் நடந்தது. 1954-55, 1987-88 என இரண்டே முறை ரஞ்சிக் கோப்பை வென்ற அணி, ஏழு ஆண்டுகளுக்குப் பின் அரையிறுதிக்கு வந்திருந்தது. மார்ச் மாதம், மும்பையில், மும்பைக்கு எதிராக. டாஸ் வென்ற கேப்டன் சாய் கிஷோர் பேட்டிங் எடுத்தார். 146க்குச் சுருண்டது. மும்பை 378, ஷர்துல் தாக்கூர் 109. மறுபடி 162. இன்னிங்ஸும் 70 ரன்னும் தோல்வி. ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் சுலக்‌ஷன் குல்கர்னி பத்திரிகையாளர்களிடம், முதல் நாள் காலை ஒன்பது மணிக்கே ஆட்டம் கைவிட்டுப் போய்விட்டது, பந்துவீசியிருக்க வேண்டும், மும்பைக்காரனான எனக்கு இந்த நிலம் தெரியும் என்ற பொருள்பட வெளிப்படையாகச் சொன்னார். கேப்டனைக் காப்பாற்ற வேண்டியவர் இப்படிப் பேசலாமா என்று தினேஷ் கார்த்திக் பகிரங்கமாகக் கண்டித்தார். அடுத்த பருவத்துக்கு லட்சுமிபதி பாலாஜி பயிற்சியாளர் ஆனார்.

அந்த நாட்களில் தமிழ் ரசிகர்கள் நிறையவே பேசினார்கள். இங்கே 'நாம்' இருந்தது, கேலரியும் இருந்தது. என்ன பேசினார்கள்? டாஸ் சரியா தவறா. மும்பைக்காரரை ஏன் கொண்டுவந்தீர்கள், நம்ம ஆள் இல்லையா. 2012-13இல் மும்பைக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவராச்சே. அந்தப் பருவத்தில் 53 விக்கெட்டுடன் ரஞ்சியிலேயே முதலிடம் பிடித்த கேப்டனைக் குறை சொல்லலாமா. ஒவ்வொன்றும் நியாயமான வாதம்தான். ஆனால் இதன் அடியில் இன்னொரு கேள்வி இருந்தது: களத்தில் முடிவெடுக்கும் உரிமை யாருடையது? 1910இன் விதி கேட்ட அதே கேள்வி. தவறாகவே முடிவெடுக்கும் உரிமை கேப்டனுக்கு உண்டா இல்லையா? உண்டு என்று சொன்னவர்களும் அவரது 53 விக்கெட்டைக் காட்டித்தான் சொன்னார்கள். எண்ணிக்கை இல்லாத ஒரு கேப்டனாக இருந்திருந்தால்?

6

ஆட்டக்காரர் தானே வாய் திறந்த ஒரு நிகழ்வும் நம்மிடம் உண்டு. 2018 நவம்பரில் மகளிர் டி-20 உலகக் கோப்பை அரையிறுதியில் மிதாலி ராஜ் சேர்க்கப்படவில்லை. இந்தியா இங்கிலாந்திடம் தோற்றது. பயிற்சியாளர் ரமேஷ் பவார் தன்னை அவமதிக்கும் விதமாக நடத்தினார் என்று மிதாலி வாரியத்துக்குக் கடிதம் எழுதினார். அது பத்திரிகைகளுக்குக் கசிந்தது. பவாரும் மிதாலியின் நடத்தையைக் குறை கூறிப் பதில் தந்தார். அணிக்குள்ளேயே ஹர்மன்பிரீத் கௌரும் ஸ்மிருதி மந்தானாவும் பவார் பக்கம் நின்றார்கள். யார் சொன்னது சரி என்று தீர்ப்பு வழங்குவது நம் வேலையல்ல. ரசிகர் விவாதம் அந்தக் கடிதத்தை எப்படி வாசித்தது என்பதே நம் அக்கறை. "அந்தம்மா ஸ்ட்ரைக் ரேட் என்ன?" அவமதிப்பு பற்றிய ஒரு பிரதிக்கு, ஓட்ட விகிதத்தால் பதில் சொல்லப்பட்டது. பவாரின் ஒப்பந்தம் முடிந்தது, சென்னையின் டபிள்யூ.வி. ராமன் வந்தார், 2020 மார்ச்சில் அணி டி-20 உலகக் கோப்பை இறுதிக்குப் போயிற்று. 2021 மே மாதம் ராமன் மாற்றப்பட்டுப் பவாரே திரும்பி வந்தார். எழுதியவர் உலகறிந்த நட்சத்திரம். அவர் கடிதத்துக்கே இந்தக் கதி.

நட்சத்திரம் அல்லாத ஒரு கல்லூரிப் பெண்ணை எண்ணிப் பார்ப்போம். விளையாட்டு ஒதுக்கீட்டில் சீட்டு. கட்டணச் சலுகை, விடுதி, சாப்பாடு எல்லாம் அணியில் இருக்கும்வரைதான். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியதற்கு மூன்றாம் எண் படிவம் என்று ஒரு சான்றிதழ் உண்டு; ரயில்வேயிலோ வேறு மைய அரசுத் துறையிலோ விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு அதுதான் சாவி. அதில் கையெழுத்திடுவது பல்கலைக்கழகத்தின் விளையாட்டு இயக்குநர். அணியில் பெயர் வந்தால்தான் படிவமே. பெயர் வருவதும் வராததும் மாஸ்டர் கையில். ஒருவரே தேர்வாளர், ஆசிரியர், விடுதிக்கு ஜவாப்தாரி, எதிர்காலத்துக்கும் சாவிக்காரர். இந்த நிலையில் அவள் என்ன பேசுவாள்?

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியலாளர் 1970இல் ஒரு நூல் எழுதினார். ஒரு நிறுவனம் கெடும்போது அதில் இருப்பவருக்கு இரண்டு வழிகள்: வெளியேறுவது, அல்லது குரல் எழுப்புவது. விசுவாசம் என்பது வெளியேறுவதைத் தள்ளிப்போட்டுக் குரலுக்கு நேரம் வாங்கித் தரலாம் என்பது அவர் வாதம். நம் மைதானத்தில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. குருவிடம் வைக்க வேண்டிய விசுவாசம் குரலைத்தான் முதலில் அடைக்கிறது. மிச்சமிருப்பது வெளியேற்றம். "ஏன் விளையாட்டை விட்டுட்டே?" என்று ஊரில் கேட்டால் முழங்கால் வலி என்பார்கள், படிப்பு என்பார்கள், கல்யாணம் என்பார்கள். அந்தப் பதில்கள் எல்லாமே பொய்யல்ல. எல்லாமே முழு உண்மையுமல்ல. 2021 மே மாதம் சென்னையில் ஒரு தடகளப் பயிற்சியாளர் போக்சோ சட்டத்தின்கீழ் கைதானபோது, ஒரு பெண் பேசிய பிறகே மற்றவர்கள் பேச முன்வந்தார்கள். பல ஆண்டுகளுக்கு முந்தையவையும் அந்தப் புகார்களில் இருந்தன. அவ்வளவு காலமும் பதக்கங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. பதக்கம் வருகிற வரையில் கேலரி எதையும் கேட்பதில்லை.

இங்கே ஒரு மறுப்பு வரும், அதுவும் கேலரியிலிருந்தே. "கண்டிப்பு இல்லேன்னா டீம் உருப்படுமா? அடிச்சுத்தான் ஆளாக்கினாங்க." இதை வெறுமே தள்ளிவிட முடியாது. எதுவுமில்லாத வீட்டிலிருந்து வந்த பிள்ளைகளுக்குச் சொந்தக் காசில் ஷூ வாங்கிக் கொடுத்து, விடிகாலையில் எழுப்பி, வேலை வாங்கும் வரை கூடவே நின்ற மாஸ்டர்கள் தமிழ்நாட்டின் எல்லா ஊரிலும் உண்டு. அவர்கள் இல்லாமல் இங்கே விளையாட்டே இல்லை. ஆனால் கடுமையான பயிற்சி வேறு, கேள்வி கேட்க முடியாத நிலை வேறு. முதலாவது உடலை வளர்க்கிறது. இரண்டாவது நல்லவர் கையில் இருக்கும்வரை தெரிவதில்லை, கெட்டவர் கைக்குப் போனதும் தடுக்க வழியில்லை. நல்ல மாஸ்டர் என்பது ஒரு அதிர்ஷ்டமாக இருக்கக் கூடாது. அந்த நல்ல மாஸ்டர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பேச்சு. ஒப்பந்தம் முடிந்துவிட்டது, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று நிர்வாகம் அவர்களை அனுப்பும்போது, பிள்ளைகள் அழுவதைத் தவிர வேறொன்றும் செய்ய முடிவதில்லை. நீக்கச் சொல்ல முடியாத ஆட்டக்காரரால் நிறுத்தச் சொல்லவும் முடியாது.

7

ரசிகர் பேச்சு எப்போதுமே வெற்றி தோல்விக் கணக்கிலேயே முடியுமா? முடிய வேண்டியதில்லை என்பதற்கு 1960இன் டிரினிடாட் சாட்சி. மேற்கிந்தியத் தீவுகளின் அணிக்கு வழமையான கேப்டனாக ஒரு கறுப்பரை நியமிக்க மறுத்துவந்த காலம். சி.எல்.ஆர். ஜேம்ஸ் தான் நடத்திய 'நேஷன்' பத்திரிகையில் ஃப்ராங்க் வொரெலைக் கேப்டனாக்கு என்று விடாமல் எழுதினார். ஆஸ்திரேலியப் பயணத்துக்கு வொரெல் கேப்டனாக நியமிக்கப்பட்டார். வொரெல் ஜெயிப்பார் என்பது மட்டும் ஜேம்ஸின் வாதமாக இருக்கவில்லை. யாருக்குக் கட்டளையிடும் தகுதி உண்டு, யார் எப்போதும் கட்டளைக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று ஒரு சமூகம் நினைக்கிறது என்பதே அவரது கேள்வி. பின்னாளில் 'பியாண்ட் எ பவுண்டரி' நூலில் (1963) அவர் அதை விரிவாக எழுதினார். கேலரியிலிருந்தவர்கள் அந்தக் கேள்வியைப் புரிந்துகொண்டார்கள், ஏனென்றால் அது அவர்கள் வயலிலும் துறைமுகத்திலும் தினமும் இருந்த கேள்வி.

நமக்கும் அந்தக் கேள்வி அந்நியமானதல்ல. மாஸ்டர் என்ற சொல்லை மைதானத்தில் மட்டுமா பயன்படுத்துகிறோம்? அதனால்தான் பெரியகுளத்துக் கேலரிபோன்ற ஒன்றிடம் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. ஐந்து பேரின் நகர்வையும் ஒரே பார்வையில் பிடிக்கத் தெரிந்தவர்கள், பெஞ்சில் உட்காரவைக்கப்பட்டிருக்கும் ஆறாவது ஆளின் முகத்தையும் வாசிக்கத் தெரிந்தவர்கள்தான். பழகவில்லை, அவ்வளவே.

கேட்க வேண்டியவை பெரிய தத்துவங்கள் அல்ல. அணித் தேர்வும் சான்றிதழும் விடுதியும் ஒரே கையில் இருக்கக் கூடாது. கல்லூரிப் பயிற்சியாளரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் முன் ஆட்டக்காரர்களிடம், மாஸ்டர் அருகில் இல்லாதபோது, கேட்க வேண்டும். போன வருடம் ஆடிய பன்னிரண்டு பேரில் எத்தனை பேர் இந்த வருடம் இல்லை, ஏன் இல்லை என்பது வெற்றி தோல்விப் பட்டியலுக்குப் பக்கத்தில் எழுதப்பட வேண்டும். பயிற்சியாளரை மாற்றுவதா வேண்டாமா என்ற விவாதம் அந்தப் பட்டியலிலிருந்து தொடங்கட்டும். கோப்பை எத்தனை என்று எண்ணத் தெரிந்த நமக்கு, விட்டுப்போனவர் எத்தனை என்று எண்ணவும் தெரியும்.